நான் போடச் சொன்ன பாட்டு

தம்பி, ரெக்கார்டு கவருக்குள் கையை விட்டதும் முதலில் இந்தக் காகிதம்தான் வந்திருக்கும். தட்டை வெளியே எடுக்காதே. இதைப் படித்து முடித்துவிட்டு எடு. அம்மாதான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். மருமகள் அடுப்படியிலிருந்து "அத்தை சாப்பிட்டீங்களா" என்கிறாள், பேத்தி பின்னாலிருந்து "அப்பாயி" என்று கத்துகிறாள். நான் ஒரு மைக்செட்காரரோடு காலம் முழுக்கக் குடும்பம் நடத்தியவள். எதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லலாம், எதை ஒரு ஆளிடம் மட்டும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். இதை முதலில் நீ மட்டும் படி. அதற்கப்புறம் யாருக்குப் படித்துக்காட்டினாலும் எனக்கு ஒன்றும் இல்லை. மேடையிலேயே படித்தாலும் சரி.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினாயே, அதற்குப் பதில்தான் இது. அமெரிக்காவில் உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஆகஸ்டு பதினைந்துக்கு விழா வைக்கிறீர்கள். பழைய இந்திப் படத்துத் தேசபக்திப் பாட்டில் ஆரம்பித்து, இப்போது வருகிற படத்துப் பாட்டில் முடிக்கப் போகிறீர்கள். முதலில் அப்பாவின் ரெக்கார்டு ஓடும், மேடையில் அண்ணன் படம் சுவர் அளவுக்குத் தெரியும், நான் இங்கிருந்தே முகம் காட்டி இரண்டு நிமிஷம் பேசவேண்டும். "அண்ணன் லீவு முடிஞ்சு கிளம்புறப்பல்லாம் அப்பா பாட்டுப் போட்டு வழியனுப்புவாரே, அத மட்டும் சொல்லும்மா. எல்லாரும் அழுதுடுவாங்க" என்றாய். அப்புறம் பேத்தி பட்டாளத்து உடுப்புப் போட்டுப் புதுப்பாட்டுக்கு ஆடுவாளாம். "ஆடமாட்டேன்னு ஒரே அடம். பேரு கொடுத்தாச்சு, புடிச்சு நிறுத்திடுவேன்" என்று சிரித்தாய். நடுவில் ஒரு வார்த்தை சொன்னாய், நினைவிருக்கிறதா? "சலிச்சுப்போச்சும்மா. ஆபீஸ்ல இந்த மாசம் ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டான். எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கு. சரி அத விடு, ரெக்கார்டை யார்கிட்ட கொடுத்தனுப்புற?" என்றாய். நான் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டேன். நாலு நாளாகிறது. நீ விடச் சொன்னதை என்னால் விட முடியவில்லை.

இந்த ரெக்கார்டு வீட்டுக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா கலியாணத்துக்கு முன்னால் இந்தி வேண்டாம் என்று ரயிலடிப் பலகையில் தார் பூசி, ஒரு பகல் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவர். அப்புறம் மைக்செட் வாங்கி, நாகூர்க் கந்தூரித் திருவிழாவுக்கு ஒரு கடையில் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போனார். அங்கே ரெக்கார்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் பம்பாயில் பல வருஷம் இருந்தவர். அவர் கடையில் இந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. இவர் கட்டின குழாயை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டாராம். வரும்போது கைலியில் சுற்றி நாலு இந்தி ரெக்கார்டு கொண்டுவந்தார். டீக்கடையில் விடுவார்களா? "என்ன மாப்ள, பூசின தாரு காஞ்சிடுச்சா?" என்று கேட்டார்கள். "அது கவர்மெண்டு திணிச்ச இந்தி. இது நானா போய் வாங்கின இந்தி" என்றார் இவர். அதிலிருந்து நம் தெருவில் அந்தப் பாட்டுக்கு 'வாங்கின இந்தி' என்றே பெயர். களை எடுக்கிற பொம்பளைகள் "என்னடி இது, வயித்துவலிக்காரி மொனகுற மாதிரி இருக்கு" என்று சிரிப்பார்கள். ஆனால் பாட்டு முடிகிறவரை யாரும் குனியமாட்டார்கள்.

பாட்டுக்கு அர்த்தம் பாய்தான் சொல்லிக்கொடுத்தார், இவர் வந்து எனக்குச் சொன்னார். பட்டாளத்துக்குப் போகிற பிள்ளை அம்மாவிடம் பாடுகிறான். நான் விதைத்த வயலை நீ அறுத்துக்கொள், இந்த மண்ணுக்கு நான் காவலுக்குப் போகிறேன் என்கிறான். இரண்டாவது சரணத்தில் பொம்பளைக் குரல் வரும். அது அம்மா. போய் வா, திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் நான் தடுத்துவிடுவேன் என்று பாடுவாள். உன் அண்ணன் அப்போது என் இடுப்பில் இருந்தான். "இந்த ரெண்டாவது சரணம் ஒனக்குத்தான்டி" என்று உன் அப்பா என்னைச் சீண்டுவார். ஆகஸ்டு பதினைந்தும் ஜனவரி இருபத்தாறும் வந்தால் நாலு பள்ளிக்கூடத்துக் கொடிக்கும் இவர் செட்டுதான். பிள்ளையார் பாட்டு, அடுத்தது இது. உன் அண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்னால் இந்தப் பாட்டு முழுசாக வந்துவிட்டது.

அவனைப் பாட்டு மட்டும் இழுத்துக்கொண்டு போனது என்று சொன்னால் பொய். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷங்கள் அவை. குறுவை இல்லை, பாதிப் பேருக்குச் சம்பாவும் இல்லை. விளைச்சல் இல்லாத ஊரில் கலியாணம் ஏது, கோயில் திருவிழா ஏது, மைக்செட் எதற்கு? கேசட்டும் பெட்டி ஸ்பீக்கரும் வந்து குழாயைத் துரத்திவிட்டன. பத்திரிகையிலெல்லாம் நாடு திறந்துவிட்டது, வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது என்று எழுதினார்கள். நம் வாய்க்கால் மட்டும் திறக்கவில்லை. நீ நன்றாகப் படித்தாய். அவன் பன்னிரண்டாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டான். திருச்சியில் ஆளெடுப்பு என்று கேள்விப்பட்டு ஒரு டிராயரும் ஒரு பனியனுமாகப் போய் ஓடினான். எடுத்துக்கொண்டார்கள். உன் அப்பா நாள் முழுக்க இந்தப் பாட்டையே போட்டார். டீக்கடைக்காரர் வந்து "அய்யா, புண்ணியமாப் போகும், மாத்துங்க" என்று கும்பிட்டார்.

என் கதையைச் சொல்லவேண்டும். மைக்செட்காரன் பொண்டாட்டிக்குக் கலியாண வீட்டில் இடம் எது தெரியுமா? பந்தலுக்குப் பின்னால், ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில். கடைசிப் பந்தியில், ரசம் நீர்த்துப் போனபிறகு உட்காருவேன். உன் அண்ணன் உடுப்புப் போட்டு வந்த முதல் லீவில் மேலத்தெருவில் ஒரு கலியாணம். பெண்ணின் அம்மா வந்து என் கையைப் பிடித்து "பட்டாளத்துக்காரர் அம்மா, இங்க வாங்க" என்று முன்வரிசையில் உட்காரவைத்தார். வாங்க என்று சொன்னார், தம்பி. அதுவரை அந்தம்மா என்னை வா போ என்றுதான் பேசியிருக்கிறார். எனக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிற்று. இதை நன்றாக மனசில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அவன் லீவு முடிந்து கிளம்புகிற வழக்கம் உனக்குத் தெரியும். நீயும் இரண்டு தடவை இருந்தாய். அப்பா குழாயைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துப் பாட்டைப் போடுவார். தெரு முழுக்க வாசலுக்கு வரும். டீக்கடைக்காரர் துண்டு போர்த்துவார், சின்னதுகள் சல்யூட் அடிக்கும். அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். இரண்டாவது சரணம் வந்ததும், திரும்பிப் பார்க்காதே என்று அந்தப் பொம்பளை பாடுகிற இடத்தில், வேண்டுமென்றே திரும்பிக் கண்ணடிப்பான். தெருவே சிரிக்கும். எனக்கு அந்த ஒரு நொடி போதும், அடுத்த லீவு வரைக்கும் ஓட்டிவிடுவேன். இதைத்தான் நீ மேடையில் சொல்லச் சொல்கிறாய். இதுவரைக்கும் சொன்னால் நீ நினைத்த மாதிரியே எல்லோரும் அழுவார்கள்.

கடைசி லீவில் நீ ஊரில் இல்லை. உனக்குப் பரீட்சை, ஹாஸ்டலில் இருந்தாய். ஆடிப் பெருக்கன்று வந்தான். வந்ததிலிருந்து வெட்டாற்றுப் படித்துறையில் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தான். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆகஸ்டு பதினைந்தில் பள்ளிக்கூடத்தில் அவனைக் கொடியேற்ற வைத்தார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கில் அவனைப் பற்றிப் பேசினார். அப்பா குழாயில் அது ஊர் முழுக்கக் கேட்டது. நான் முன்வரிசையில் இருந்தேன். மறுநாள் காலையில் கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குந்தினான். "அம்மா, நான் திரும்பிப் போகலம்மா" என்றான். "என்னடா விளையாட்டு" என்றேன். "விளையாட்டு இல்ல. அங்க யாரும் அடிக்கல, வையல. என்னால முடியல. அந்த உசரத்துல மூச்சு நிக்க மாட்டேங்குது. கூட இருந்த ஒரு பையன் பனியில பொதஞ்சிட்டான், நாலு நாளு தோண்டினோம். அவன் கைய நான்தாம்மா மொதல்ல பார்த்தேன்" என்றான். நான் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஓடிவந்தவன்னு புடிச்சிட்டுப் போயிடுவாங்கடா" என்றேன். "புடிச்சிட்டுப் போகட்டும். உள்ள வச்சாலும் தரையிலதானே வைப்பான்" என்றான்.

 அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நேத்து ஊரே கைதட்டிச்சு. நாளைக்குப் போகலேன்னா என்னடா சொல்லுவாங்க" என்றேன். அவன் "நாளைக்குக் காலையில அப்பாகிட்ட நானே சொல்றேம்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாட்டை மட்டும் போட வேணாம்னு சொல்லிடு. பாட்டுப் போட்டா தெரு கூடிடும். தெரு கூடிட்டா என்னால சொல்ல முடியாது" என்றான். சரி என்றேன். சரி என்று வாயால் சொன்னேன், தம்பி.

உன் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் "இருடா, பார்த்துக்கலாம்" என்றிருப்பார். பாட்டுக்கு உருகுவாரே ஒழிய, பிள்ளை வாடினால் தாங்கமாட்டார். அதனாலேதான் அவரிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். அப்பா டீ குடித்துவிட்டு ஏதோ ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் போய், "என்னங்க, நேரமாகுது, இன்னும் பாட்டுப் போடலையா?" என்று கேட்டேன். "அட, ஆமா" என்று எழுந்தார். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கேள்வி கேட்டேன். குழாய் கத்த ஆரம்பித்ததும் எதிர்வீடு வந்தது, டீக்கடை வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையோடு வந்து நின்றார்கள். அவன் ஈரத் துண்டோடு கொல்லைக் கதவில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். "அம்மா" என்று ஒரு தடவை சொன்னான். உள்ளே போய் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து வாசப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். ஒன்றைக் கட்டிவிட்டு அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். டீக்கடைக்காரர் துண்டு போர்த்தினார். நடந்தான். இரண்டாவது சரணம் வந்தது. எல்லோரும் அவன் திரும்புவான் என்று சிரிக்கத் தயாராக நின்றார்கள். அவன் திரும்பவில்லை. "இன்னைக்கு என்ன, பாட்டுக்குக் கட்டுப்பட்டுட்டான்" என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். அப்பாவுக்குக் கூட அது பெருமையாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் அகல் கழுவிக்கொண்டிருந்தபோது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். சினிமாவில் சுடப்பட்டவன் நாலு வரி பாடிவிட்டுத்தான் சாவான். நண்பன் மடியில் தலை வைத்திருப்பான், கையில் மண்ணை அள்ளுவான். உன் அண்ணன் போன லாரி மலை ரோட்டில் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. சுட்டவன் எவனும் இல்லை. உடம்பு வந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. ஊரில் வந்தவன் எல்லாம் வீரமரணம், வீரமரணம் என்றான். அவனுக்குப் பயமாக இருந்தது என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் "மைக்செட் வீடுதானே, அந்தப் பாட்டைப் போடுங்கய்யா" என்றார். உன் அப்பா எழுந்து போய்ப் போட்டார். நீதான் அவர் தோளைப் பிடித்திருந்தாய். அந்தப் பொம்பளைக் குரல் வந்ததும் நான் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். பெத்த வயிறு என்றார்கள். அது பெத்த வயிறு மட்டும் இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். வீரனின் தாய் என்று சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

பதினாறு முடிந்து வீடு காலியானதும் இந்த ரெக்கார்டை எடுத்தேன். அரிவாள்மனையில் தேங்காய் துருவுகிற பல் இருக்கிறதே, அதில் வைத்து ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தேன். திரும்பக் கவருக்குள் வைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். உடைத்துப் போட்டிருக்கலாம். உடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் ரொம்ப நாள் உன் அப்பா அதைத் தொடவே இல்லை. அவர் தொட்டது நீ கிளம்பின அன்றைக்குத்தான்.

அன்றைக்கு நடந்ததைத்தான் நீ இத்தனை வருஷமாகத் தப்பாக வைத்துக்கொண்டிருக்கிறாய். கம்ப்யூட்டர் படித்தவனையெல்லாம் அமெரிக்காக்காரன் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். நம் தெருவிலிருந்து நீதான் முதல். வாசலில் மெட்ராசுக்குப் போகிற கார் நிற்கிறது. "அப்பா, அண்ணனுக்குப் போட்ட மாதிரி எனக்கும் போடுங்கப்பா" என்று நீ கேட்டாய். அவர் குழாயை எடுத்துத் தூசி தட்டிக் கட்டினார். எப்போதும் போல சத்தத்தைக் குறைத்துவைத்து ஊசியை வைத்தார். ஊசி டக் டக்கென்று குதித்தது. தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். துண்டால் துடைத்துக் கவருக்குள் போட்டுவிட்டு, "மிஷின் ரிப்பேருப்பா, நீ கிளம்பு" என்றார். ஆம்ப்ளிபயரில் சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. நீ அதைப் பார்த்தாய். படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியாதா? முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினாய். ரொம்ப நாள் கழித்து ஒரு சண்டையில் போனில் கத்தினாய். "அண்ணனுக்குப் பாட்டு, எனக்கு ரிப்பேர்! அவன் நாட்டுக்குப் போனான், நான் நாட்டை விட்டுப் போனேன், அதானே?" என்றாய். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். அவர் காட்டிக்கொடுக்கவில்லை, தம்பி. நான்தான் கோடு போட்டேன் என்று அவருக்குத் தெரியும், ஏன் போட்டேன் என்று தெரியாது. கடைசிவரை கேட்கவும் இல்லை. பிள்ளை போன துக்கத்தில் செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். உன் மேல் கோபம் என்று நீ நினைத்த மனுஷன் என்னைக் காப்பாற்றத்தான் உன்னிடம் பொய் சொன்னார். அவர் கண்ணை மூடினபோதும் உன் விசாப் பேப்பர் எங்கேயோ மாட்டிக்கொண்டதால் நீ போனிலேயே பார்த்தாய். இதைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

நீ ஏன் வருஷா வருஷம் அங்கே கொடி கட்டுகிறாய், கன்னத்தில் சாயம் பூசிக்கொள்கிறாய், இந்தி தெரியாவிட்டாலும் முன்னால் நின்று பாடுகிறாய் என்று எனக்குப் புரிகிறது. அன்றைக்குக் கிடைக்காத பாட்டை நீயே போட்டுக்கொள்கிறாய். போன தடவை டிவியில் பார்க்கச் சொன்னாயே, அந்தப் படத்தையும் பார்த்தேன். ஒரே பாட்டில் முப்பது பேரைக் கொல்கிறான், பின்னால் கொடி பறக்கிறது, பார்க்கிறவன் எல்லாம் கத்துகிறான். பழைய பாட்டில் வயலாவது இருந்தது, ஒரு அம்மாவாவது இருந்தாள். இதில் எவனை அடிப்பது என்பதுதான் இருக்கிறது. ஆனால் பழசு நல்லது என்று சொல்ல என் வாய் வராது. கண்ணீர் விட வைத்தே என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது அதுதான். இன்னொரு மாதிரிப் பாட்டும் இருக்கிறதே, வெளிநாட்டில் இருக்கிறவனை மண் கூப்பிடுகிறது என்று. காரில் அதைக் கேட்டு அழுதேன் என்றாய். அழுதுவிட்டு ஆபீசுக்குத்தானே வண்டியை ஓட்டினாய்? உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இங்கே கூப்பிடுகிற மண்ணைப் பாதி விற்று மனைக் கல் நட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு மல்லிகா இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு ஆறு வருஷம் குவைத்தில் பாத்திரம் தேய்த்தாள். அவளும் அதே தெருவில்தான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு எந்தப் பாட்டைப் போட்டோம்? ஒருத்தரும் வாசலுக்குக் கூட வரவில்லை. இன்றைக்கு எனக்குத் தண்ணீர்க் குடம் தூக்கித் தருகிறவள் அவள்தான்.

நான் மேடையில் பேச வரமாட்டேன். உன்னோடு வேலை பார்க்கிற பையனின் அப்பா அம்மா கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறார்கள் என்றாய், அவர்களிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்ட ரெக்கார்டு, கேட்டபடி வந்துவிட்டது. இப்போது வெளியே எடு. வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் விரலை வைத்தால் தட்டும். அது நான். அண்ணன் படத்தை மேடையில் காட்டுவதென்றால் காட்டு, அவன் பயந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லு. பயந்துகொண்டே போனவன் அவன். அதைச் சொல்ல முடியாதென்றால் படத்தை எடுத்துவிடு. பேத்தி ஆடமாட்டேன் என்றால் அவள் பேரை அடித்துவிடு. பேர் கொடுத்தாச்சு என்கிறாய். நானும் அதைத்தான் சொன்னேன். ஊரே கைதட்டிச்சு என்றேன். பிள்ளை முடியாது என்று சொல்வது ஒரு தடவைதான் இருக்கும். இரண்டாவது தடவை நமக்குக் கேட்காது, அதற்குள் நாம் பாட்டைப் போட்டிருப்போம்.

எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கு என்று நீயும் ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாய். சொன்ன கையோடு அத விடு என்றும் சொல்லிவிட்டாய். வருவதென்றால் வா. உனக்கு அங்கே என்ன கஷ்டம் என்று தெருவில் ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன், அமெரிக்காக்காரர் அம்மா என்று எனக்குப் போடுகிற நாற்காலியும் எனக்கு வேண்டாம். வரவில்லை, அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றாலும் சரி. எதுவானாலும் உன் வாயால் முழுசாகச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. ஸ்பீக்கரில் போடாதே. அன்றைக்கு 'அத விடு' என்பதற்கு முன்னால் சொன்னதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லு. நான் குறுக்கே பேசமாட்டேன்.

அம்மா